மிரட்சியும் முரண்டும்

பழகிய மைதானத்தின் வேலிக்குள்ளே, சவாரி செய்பவருடைய முழங்காலின் சிறு அசைவுக்கும் கட்டுப்பட்டு வட்டமிட்டுச் செல்லும் ஒரு குதிரை, அந்த வேலியின் கதவைத் தாண்டித் திறந்த பாதையில் அரை மைல் சென்ற மாத்திரத்தில் வேறொரு பிராணியாக மாறிவிடுவதைக் குதிரையோடு பழகியவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். புதரில் சிக்கிக் காற்றில் படபடக்கும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டு அது ஒரே தாவலில் பாதையின் மறுபக்கம் போய் நிற்கிறது. சிறு பாலமொன்றின் முன்னே நின்றுகொண்டு ஓரடியும் எடுத்து வைக்க மறுக்கிறது. லாயம் இருக்கும் திசையை நோக்கித் திரும்பத் திரும்பக் கழுத்தை வளைக்கிறது. வீடு திரும்பும் வேளையிலோ, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அடங்காத அவசரத்தோடு துள்ளிக்கொண்டே வருகிறது. இவை அனைத்தையும் சண்டித்தனம் என்ற ஒரே பெயரில் அடக்கி, அனைத்துக்கும் சவுக்கு ஒன்றையே மருந்தாகக் கொள்ளும் வழக்கம் உலகத்தின் பல பாகங்களிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. குதிரையின் கண்ணையும் காதையும் அது கற்கும் முறையையும் பற்றி ஏறக்குறைய நூறாண்டுகளாகச் சேர்ந்துள்ள அறிவு, அந்த வழக்கத்துக்கு ஆதாரம் எதுவும் தருவதாக இல்லை. குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்று நம்மவர் சொல்லும் பழமொழியில், விழுந்தவனுடைய ஆத்திரம் முழுவதும் இருக்கிறது. தள்ளிய குதிரையின் தரப்பு வாதம் அதில் இடம் பெறவில்லை. அந்தத் தரப்பை எடுத்துரைப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கொம்பும் கூரிய நகமும் இல்லாமல், மறைவிடம் அற்ற புல்வெளிகளில் கூட்டமாக வாழ்ந்து, வேட்டை மிருகங்களுக்கு இரையாகாமல் தப்பிப் பிழைத்த ஒரு வம்சத்தின் சந்ததி இது. ஐயம் தோன்றிய கணத்திலேயே ஓடிவிட்டு, தூரம் போனபின் திரும்பி நின்று என்னவென்று பார்ப்பதுதான் அந்த வம்சம் கண்ட உபாயம். வீணாக ஓடிய குதிரைக்கு நஷ்டம் சற்று நேரத்து மூச்சிரைப்பு மட்டுமே. ஓடவேண்டிய தருணத்தில் நின்று யோசித்த குதிரையோ சந்ததி விட்டுச் செல்லவில்லை. லூடோவிக் ஒர்லாண்டோ என்ற விஞ்ஞானியின் தலைமையில் நடந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி, பண்டைய எலும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் வோல்கா, டான் நதிகளின் கீழ்ப்பகுதியை அடுத்த புல்வெளிகளில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகக் கண்டது. அக்காலத்து மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய குதிரைகளில் இரண்டு மரபணுக்கள் விசேஷமாகப் பரவியிருந்தன. ஒன்று முதுகின் வலிமையோடும், மற்றொன்று மனநிலையின் சாந்தத்தோடும் தொடர்புடையவையாக இருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் சாந்தம் சற்றுக் கூடியதே தவிர, ஓடித் தப்பும் சுபாவம் அதன் இரத்தத்தை விட்டு அகலவில்லை.

தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரை ஒன்று. அக்கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறக்குறைய 350 பாகை அளவுள்ள சுற்றுப்புறத்தை அது தலையைத் திருப்பாமலே காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு இடமும், வாலுக்கு நேர் பின்னே ஒரு சிறு இடமும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. பின்புறத்து மூலையில் தோன்றும் அற்ப அசைவையும் உணர்ந்துவிடும் அந்தக் கண், அசைந்தது எதுவென்று தெளிவாக அறிவதில் மனிதக் கண்ணுக்கு நிகரானதன்று. இரு கண்களும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்த்துத் தூரத்தை அளக்கக்கூடிய பரப்பும் முன்புறத்தில் 65 பாகை அளவே. வெயிலிலிருந்து அடர்ந்த மரநிழலுக்குள் நுழையும்போது அதன் பார்வை நமது பார்வையைவிட மெதுவாகவே இருளுக்குப் பழகுகிறது. ஆகவே, நமக்குச் சாதாரண நிழலாகத் தெரிவது அதற்குச் சில நிமிஷங்கள் வரையில் ஆழம் தெரியாத பள்ளமாகவும் இருக்கக்கூடும்.

இந்த இடத்தில், சவாரி செய்வோர் பலரும் நீண்டகாலமாகச் சொல்லிவந்தும் மற்றவர்கள் நம்பாதிருந்த ஒரு விஷயத்தைக் குறிப்பிடவேண்டும். போகும்போது ஒரு மரக்கட்டையை அமைதியாகக் கடந்துசென்ற குதிரை, திரும்பி வரும்போது அதே கட்டையைக் கண்டு மிரளுவதுண்டு. அதைக் கண்டவர்கள், வேண்டுமென்றே வம்பு செய்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டினும் அவருடைய சகாக்களும் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரச் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்கு நன்றாகப் பழக்கிய பின்னர், அதை அதே இடத்தில் 90 பாகை திருப்பி வைத்து, மீண்டும் அக்குதிரைகளை அதன் அருகே நடத்திச் சென்றார்கள். 2021இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, திருப்பி வைக்கப்பட்ட பழைய பொருளைக் குதிரைகள் புதிய பொருளைப் போலவே பாவித்தன. போகும் வழியும் வரும் வழியும் குதிரைக்கு இரண்டு வழிகள் என்று கொள்வதே விவேகம்.

செவியின் நிலையும் இதுபோன்றதே. மனிதன் கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலியின் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வுகள் என்றால், குதிரையின் எல்லை 33,000 அளவுக்கு எட்டுகிறது. ஆனால், கேட்ட ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நிர்ணயிப்பதில் அது நம்மைவிட மிகவும் பின்தங்கியது. சுமார் ஒரு பாகை வித்தியாசத்தை நாம் பகுத்தறியும் இடத்தில், அதற்கு 25 பாகை அளவு வித்தியாசம் தேவைப்படுகிறது. நாம் கேட்காததைக் கேட்டும், கேட்டது எங்கே என்று தெரியாமலும் தவிக்கும் ஒரு பிராணி, காதுகளை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டு, தலையை உயர்த்தி, தன் கண்ணால் அதைத் தேட விரும்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மிரட்சி ஒரு கணத்தில் நிகழ்வதாகத் தோன்றினாலும், அதற்கு முன்னறிவிப்புகள் உண்டு. முதலில் ஒரு காது மட்டும் ஒரு புள்ளியை நோக்கித் திரும்பி அங்கேயே நிலைத்துவிடும். பிறகு இரண்டாவது காதும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். கழுத்தின் மேல்விளிம்பு விறைத்து, சவாரி செய்பவரின் கண்ணுக்கு முன்னே ஒரு சாண் உயர்ந்ததுபோல் தெரியும். நடையின் தாளம் சுருங்கி, அடிகள் குறுகும். சேணத்தின் அடியில் முதுகுத் தசைகள் பலகைபோல் இறுகுவதைத் தொடைகளால் உணரலாம்; அமைதியாக நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் அதன் இருதயம், சில வேளைகளில் முழங்காலுக்கு எட்டும்படி அடித்துக்கொள்ளும். மூச்சை ஒருமுறை நிறுத்தி, மூக்குத் துளைகளை விரித்து, உரக்க ஊதும். இவ்வளவும் முடிந்த பின்னரே அது தாவுகிறது. சவாரி செய்பவர் பேச்சிலோ யோசனையிலோ ஆழ்ந்திருந்து முதல் காதின் திருப்பத்தைத் தவறவிட்டால், தாவலைத் தடுக்கும் சந்தர்ப்பத்தையும் இழந்துவிடுகிறார்.

மேலே இருப்பவரின் உள்ளம் கீழே இருக்கும் பிராணிக்கு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்குச் சரித்திரப் பிரசித்தி பெற்ற சாட்சி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில், வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஹான்ஸ் என்னும் குதிரை, கேட்ட கணக்குகளுக்கெல்லாம் குளம்பைத் தரையில் தட்டிச் சரியான விடை சொல்லிப் பண்டிதர்களையும் பிரமிக்க வைத்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து 1907இல் வெளியிட்ட முடிவு என்னவெனில், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை அடைந்ததும், கேட்பவரின் தலையில் அவரும் அறியாமல் உண்டாகும் நூலிழை அசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணிதம் தெரியாது என்று பலரும் ஏமாற்றம் அடைந்தார்களாயினும், கணிதத்தைவிட அரிய ஒரு திறமை அன்று நிரூபிக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. தூரத்தில் நிற்பவரின் தலையசைவையே படித்துவிட்ட இனம், தன் முதுகின்மேல் அமர்ந்திருப்பவரின் தொடை இறுக்கத்தைப் படிக்காமல் விடுமா?

சுவீடனில் லிண்டா கீலிங்கும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட பரிசோதனை இதை மேலும் தெளிவாக்கியது. குதிரையைப் பிடித்து நடத்திச் செல்வோரையும் ஏறிச் செல்வோரையும் ஒரே பாதையில் நான்கு முறை போகச்செய்து, நான்காம் முறையில் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று குடையை விரிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் அந்த நான்காம் முறையில், எதிர்பார்த்துக் கலங்கிய மனிதரின் இருதயத் துடிப்பும், குடையைப் பற்றி எதுவுமே அறியாத குதிரையின் இருதயத் துடிப்பும் சேர்ந்தே உயர்ந்தன. ஆகவே, சந்தேகமான இடம் நெருங்கும்போது அந்த இடத்தை உற்றுப் பார்ப்பதை விட்டு, பாதையின் தொலைவில் கண்ணை நிறுத்தி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, தோளையும் இடுப்பையும் தளர்த்தி, கடிவாள வாரைச் சற்று நெகிழ்த்துவது வெறும் சம்பிரதாயமன்று. கடிவாளத்தைச் சுருக்கிப் பிடிப்பதுதான் அச்சத்தில் மனிதனுக்கு இயல்பாக வருவது; அதுவே குதிரைக்கு அபாயம் உறுதி என்று அறிவிக்கும் செய்தியாகவும் ஆகிவிடுகிறது.

மிரளும் குதிரையை என்ன செய்வது என்பதற்கு, கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி நூல் எழுதிய ஏதென்ஸ் நகரத்து ஜெனோஃபனே விடை சொல்லிச் சென்றார். அஞ்சும் பொருளைக் கிட்ட நின்று அறிந்துகொள்ளச் செய்யவேண்டும், முடியாவிட்டால் மனிதன் தானே அதைத் தொட்டுக்காட்டிக் குதிரையை மென்மையாக அழைத்துச் செல்லவேண்டும், அடித்து நெருக்கினால் அந்தப் பொருளே தனக்கு நோவை உண்டாக்குவதாகக் குதிரை எண்ணிக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. அதே நூற்றாண்டில், 13 தாலந்து விலை சொல்லப்பட்டும் ஒருவரும் ஏறமுடியாதிருந்த புசிஃபலஸ் என்னும் குதிரையை இளைஞன் அலெக்ஸாண்டர் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான் என்றும், அது தன் நிழலைக் கண்டே அஞ்சுவதை அவன் ஒருவனே கவனித்திருந்தான் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தக் கதையில் வீரத்தைக் காண்பவர்கள் பலர்; நான் அதில் காண்பது காரணத்தைத் தேடிய கண்ணை.

இவர்களது அனுபவத்தை டென்மார்க்கின் யானே வின்தர் கிறிஸ்டென்சன் அளவெடுத்துச் சோதித்தார். இரண்டு வயதுள்ள 27 ஆண் குதிரைகளுக்கு ஒரு வெள்ளை நைலான் பையைப் பழக்குவதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன. ஒரு பிரிவுக்குப் பை முழுமையாகவே மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. மற்றொன்றுக்குப் பையோடு தீனியும் தரப்பட்டது. மூன்றாவதற்கு, அச்சம் எழாத அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பை அறிமுகம் செய்யப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, படிப்படியாகப் பழக்கப்பட்டவையே குறைவாக மிரண்டன, விரைவில் கற்றன, அவற்றில் ஒன்றுகூடத் தேறாமல் போகவில்லை; மற்ற இரு பிரிவுகளிலும் கடைசிவரை பழகாத குதிரைகள் இருந்தன. அவரே பின்னர் செய்த வேறொரு சோதனையில், அமைதியான துணைக்குதிரையோடு முதன்முறை அச்சப்பொருளைச் சந்தித்த குதிரைகள், பிறகு தனியே வந்தபோதும் மற்றவற்றைவிட நிதானமாக இருந்தன. புதிதாக வெளியே செல்லும் குதிரைக்கு வயது முதிர்ந்த சாந்தமான குதிரை ஒன்றைத் துணையாக அனுப்பும் பழைய வழக்கம் முற்றிலும் சரியானதே.

நடைமுறையில் இதன் பொருள், குதிரை தலை உயர்த்தி உற்றுப் பார்த்தாலும் உங்கள் குரலுக்குக் காதைத் திருப்பக்கூடிய தூரத்தில் நின்று, அது மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தும்வரை காத்திருந்து, பிறகு சில அடிகள் முன்னே சென்று, வேண்டுமானால் மீண்டும் பின்வாங்கி, இப்படியே நெருங்குவதாகும். அதற்கு இடமில்லாத சாலையில், அஞ்சும் பொருளுக்கு எதிர்ப்பக்கமாகக் குதிரையின் மூக்கைச் சற்றே திருப்பி, மூக்கு திரும்பிய பக்கத்துக் காலால் தொட்டுச் செலுத்தவேண்டும். மூக்கை அப்பொருளை நோக்கி இழுத்தால் அதன் பின்புறம் வண்டிகள் வரும் பக்கமாகச் சாய்ந்துவிடும். இங்கிலாந்தில், குதிரைப் பாதைகளுக்குச் செல்லவே மோட்டார் சாலைகளைக் கடக்கவேண்டிய நிலை பரவலாக இருப்பதால், 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சாலை விதிநூல், குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மிகாமலும் குறைந்தது 2 மீட்டர் விலகியும் செல்லவேண்டும் என்று கூறுகிறது. நல்ல விதி, பின்னாலிருந்து ஓசையின்றி வரும் சைக்கிள்காரர்கள் குரல் கொடுத்துவிட்டு வருவதும் அவ்வளவே அவசியம்.

மிரட்சிக்கு அடுத்தது முரண்டு. கூட்டத்தைப் பிரிந்து தனியே செல்வது குதிரையின் சுபாவத்துக்கு விரோதமானது என்பதால், லாயத்தை விட்டு விலகும் பாதையில் அது தயங்குவது இயற்கை. ஆனால் அந்தத் தயக்கத்தை முரண்டாக வளர்த்துவிடுவது பெரும்பாலும் மனிதர்தாம். குதிரை கற்பது அழுத்தம் நீங்கும் கணத்தில். விலாவில் படும் காலோ, வாயில் படும் இரும்போ எந்தக் கணத்தில் தளர்கிறதோ, அந்தக் கணத்துக்குச் சற்று முன் தான் செய்த காரியமே சரியான விடை என்று அது கொள்கிறது. ஒரு திருப்பத்தில் நின்று பின்வாங்கிய குதிரையோடு கால்மணி நேரம் போராடிக் களைத்து, இன்றைக்குப் போதும் என்று வீடு திரும்பியவர், பின்வாங்குவதே விடை என்ற பாடத்தை அன்று அதற்குப் புகட்டிவிட்டார். மறுநாள் அதே திருப்பத்தில் அது முன்னிலும் விரைவாகப் பின்வாங்கும். அதைப் பிடிவாதம் என்று பெயரிட்டு அடிப்பது, கற்ற பாடத்தை ஒப்பித்த மாணவனைப் பிரம்பால் அடிப்பதற்கு ஒப்பாகும்.

பரிகாரமும் அந்தத் தளர்வுக் கணத்திலேயே இருக்கிறது. ஒரு மைல் வேண்டாம், ஓரடி போதும் என்ற மனநிலையோடு, காலால் இலேசாகத் தொட்டு, குதிரை தன் எடையை முன்னோக்கிச் சாய்த்த மாத்திரத்திலேயே காலைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு மறுபடியும் ஓரடி. திரும்ப முயன்றால், திரும்பிய வழியே மீண்டும் அதே திசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். கால் முன்னே போகச் சொல்லும்போது கை பின்னே இழுத்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. செலுத்தும் குறிப்பும் நிறுத்தும் குறிப்பும் ஒரே சமயத்தில் வரலாகாது என்பது, 2007இல் தோன்றிய சர்வதேசக் குதிரையேற்ற அறிவியல் சங்கம் வலியுறுத்தும் கொள்கைகளுள் ஒன்று. போன வழியே திரும்பாமல் சுற்றுவழியாக வருவதும், லாயத்தை நெருங்கும்போது ஒருபோதும் ஓடவிடாமல் நடத்தியே வருவதும், சில நாட்களில் லாயத்தின் வாசலைக் கடந்து அப்பாலும் சென்றுவிட்டுத் திரும்புவதும், வீட்டை நோக்கிய அவசரத்தைத் தணிக்கும். அச்சம் மிகுந்த இடத்தில் இறங்கி, கையில் பிடித்து நடத்திச் செல்வதை அவமானமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மார்தட்டிக்கொண்டு விழுவதைவிட, இறங்கி நடந்து குதிரையின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஆபத்தான தருணங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்; ஏனெனில் அவற்றைத் தடுப்பதுதான் கலை, அவற்றில் தப்புவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை, ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் கண்கொள்ளாக் காட்சியே. உயிருள்ள குதிரை அப்படி எழும்போதோ, கடிவாளத்தை இழுப்பவர் அதைத் தம்மேலேயே மல்லாத்திக்கொள்வார். வாரை விட்டுக்கொடுத்து, உடலை முன்னே சாய்த்து, கழுத்தைத் தழுவிக்கொண்டு, கால்கள் தரையைத் தொட்டதும் முன்னே செலுத்தவேண்டும். பின்கால்களை உதறித் துள்ளும் குதிரை அதற்கு முன் தலையைத் தாழ்த்தியாக வேண்டியிருப்பதால், தலையைத் தாழவிடாமல் முன்னே நடத்துவது உதவும். நாலுகால் பாய்ச்சலில் கட்டுக்கடங்காமல் ஓடும் குதிரையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால், அது அந்த இழுப்பின்மீதே சாய்ந்துகொண்டு ஓடும். இழுத்தும் தளர்த்தியும் மாறிமாறிப் பிடித்து, இடம் விசாலமாக இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பிச் சிறிது சிறிதாக வட்டத்தைக் குறுக்கவேண்டும். வேகத்தில் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் குதிரையும் சவாரி செய்பவரும் சேர்ந்தே விழுவார்கள். தலைக்கவசம் இல்லாமல் எந்தக் குதிரையின்மேலும் ஏறலாகாது.

இத்தனை பயிற்சிகளுக்கும் முன்பாகக் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குதிரைக்கு எங்கேயாவது வலிக்கிறதா? கடிவாள இரும்பு தங்குவது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில், எலும்பை மெல்லிய சதை மட்டுமே மூடியிருக்கும் இடத்தில். கூர்மையாகத் தேய்ந்த கடைவாய்ப்பல் கன்னத்தைக் கிழிக்கலாம். சென்ற ஆண்டு பொருத்தமாக இருந்த சேணம், குதிரையின் உடல் மாறியபின் இந்த ஆண்டு முதுகை அழுத்தலாம். நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும்படி அமைந்த பிராணியாதலால், அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது. நெடுநேரம் புல்லின்றி லாயத்தில் நிற்கும்போது அந்த அமிலம் இரைப்பையின் மேற்பகுதியைப் புண்ணாக்குகிறது. இப்படிப்பட்ட நோவுகளை வாய்விட்டுச் சொல்ல இயலாத குதிரை, காதைப் பின்னே மடிப்பதாலும், வாலைச் சுழற்றுவதாலும், நடக்க மறுப்பதாலும் சொல்கிறது. ஆங்கிலேய கால்நடை மருத்துவர் சூ டைசன், ஏறிச் செல்லும்போது குதிரை காட்டும் இத்தகைய நடத்தைகளில் 24ஐத் தொகுத்து, அவற்றில் எட்டோ அதற்கு மேலோ ஒரே குதிரையிடம் காணப்பட்டால் தசையிலோ எலும்பிலோ வலி இருப்பதற்குப் பெரிதும் இடமுண்டு என்று காட்டியிருக்கிறார். அந்த 24இல் பெரும்பாலானவை, உலகம் கெட்ட குணம் என்று இதுவரை பெயரிட்டு வந்தவை.

ஆகையால், உங்கள் பொறுப்பில் ஒரு குதிரை இருந்து, நேற்றுவரை நன்றாகச் சென்றது இன்று முரண்டு பிடிக்குமானால், கடுமையான கடிவாளம் வாங்கக் கடைக்குச் செல்லாதீர்கள். சண்டி என்று பெயர் சூட்டிக் கைமாற்றி விடாதீர்கள். கால்நடை மருத்துவரை அழைத்து, அதன் முதுகையும் பற்களையும் கால்களையும், கூடவே அந்தச் சேணத்தையும், ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.